பரணில் பாட்டியை வைப்பதில்லை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்தை ஒட்டிய பீவர்ட்டனில் நாங்கள் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டின் மாடிக்குப் பதினான்கு படிகள். வலது முழங்காலை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய அன்றுதான் முதல்முறையாக எண்ணினேன். படுக்கை மேலே, அடுப்பு கீழே, துணி துவைக்கும் மெஷின் கராஜில், அதற்கு இன்னும் இரண்டு படி இறங்க வேண்டும். ஆறு வாரம் ஹாலில் இருந்த சோபாவில் தூங்கினேன். அவர் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நாலு படுக்கையறை வீட்டில் ஒருத்தியாக இருந்துகொண்டு, ஒரு சோபாவையும் ஒரு கழிவறையையும் புழங்கிக்கொண்டிருந்தேன். அதற்குச் சொத்து வரி வேறு.

மகள் போர்ட்லாந்துக்குள்ளேயே இருக்கிறாள். "எங்களோட வந்துடும்மா" என்றாள். அவள் வீட்டிலும் படுக்கையறைகள் எல்லாம் மாடியில்தான். மாப்பிள்ளைதான் தோட்டத்தைக் காட்டினார். நீளமான பின்பக்கத் தோட்டம், பாதி புல், பாதி ரோஜா. 2021-இல் போர்ட்லாந்து நகரம் விதியை மாற்றியிருந்தது. குடியிருப்பு மனையில் சக்கரத்தின் மேல் நிற்கும் சின்ன வீடு ஒன்றை நிறுத்தி, அதில் ஆள் குடியிருக்கலாம். "அத்தை, உங்களுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு கட்டிக்கலாமே" என்றார்.

பெரம்பூரில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வீட்டுக்குச் சக்கரமா? அதுக்குப் பேர் தேருடி. தேர்ல சாமிதான் உட்காரும், அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள்."

சக்கரம் எதற்கு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. நான் எங்கேயும் போவதாக இல்லை. விசாரித்தபோது தெரிந்தது, எல்லாம் சட்டத்துக்காகத்தான். அமெரிக்காவில் பல ஊர்களின் கட்டட விதிகள், வீடு என்றால் குறைந்தது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவந்தன. அதைவிடச் சிறிதாகக் கட்டினால் அது வீடு இல்லை. அதையே டிரெய்லரின் மேல் கட்டிவிட்டால் வண்டி, வண்டிக்கு அந்த விதி கிடையாது. ஜே ஷேஃபர் என்பவர் 1999-இல் அயோவாவில் ஏறக்குறைய நூறு சதுர அடியில் இப்படித்தான் ஒன்றைக் கட்டி அதில் வாழ ஆரம்பித்தார். 2004-இல் டீ வில்லியம்ஸ் என்ற பெண்மணி, இதய நோய் என்று தெரிந்த பிறகு, பெரிய வீட்டை விட்டுவிட்டு 84 சதுர அடியில் தானே கட்டிக்கொண்டார். அந்த வீடு நின்றது எங்களுக்கு வடக்கே ஒலிம்பியாவில், நண்பர்கள் வீட்டுப் பின்பக்கத்தில். இவர்கள் இரண்டு பேர் வீட்டையும் பார்த்துத்தான் ஊரே கட்டத் தொடங்கியது.

அந்த இரண்டு வீடுகளிலும் படுக்கை மேலே இருந்தது. ஏணி வைத்து ஏற வேண்டும். அதற்குப் பிறகு கட்டியவர்களும் அப்படியே கட்டினார்கள். 2018-ஆம் ஆண்டின் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீடுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு வந்தது. எடுத்துப் படித்தால் அதில் பெரும்பகுதி மேல்தளம், ஏணி, படிக்கட்டு பற்றித்தான். இவர்கள் 'லாஃப்ட்' என்று சொல்வதை நம் வீட்டில் பரண் என்போம். பித்தளை அண்டாவையும் பழைய டிரங்குப் பெட்டியையும் ஏற்றி வைக்கிற இடம். பாட்டியை யாரும் அங்கே வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டித் தரும் ஆளிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன், பரண் வேண்டாம். நல்ல மனிதர், தச்சு வேலை தெரிந்தவர். ஆனால் அவருக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் விற்பது கஷ்டம் என்றார். சரி, படுக்கை வேண்டாம், குளியலறைக்கு மேலே சாமான் வைக்கவாவது ஒரு சின்னப் பரண் போடலாமே என்றார். அதற்கும் மறுத்தேன். மேலே ஒரு இடம் இருந்தால் அங்கே ஏதாவது ஒன்று போய்ச் சேரும். ஒருநாள் அது எனக்கு வேண்டியிருக்கும். ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாற்காலி போட்டு ஏறுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பரணை விட்டதில் ஒரு லாபம். பெரும்பாலான மாநிலங்களில் சாலையில் போகும் வண்டியின் உயரம் பதின்மூன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பரண் வைத்துக் கட்டுகிறவர்கள் அந்த உச்சிவரை இழுத்துக் கட்டி, அப்படியும் மேலே குனிந்துதான் உட்கார்கிறார்கள். என் வீடு பதினோரு அடியோடு நின்றுவிட்டது. இழுத்து வரும்போது காற்று குறைவாகத் தள்ளும், குளிர்காலத்தில் சூடு தலைக்கு மேல் போய் வீணாவதும் குறைவு.

உயரத்தில் கிடைத்த சலுகை அகலத்தில் இல்லை. தனி அனுமதி வாங்காமல் சாலையில் இழுத்துப்போக எட்டரை அடிதான், அதாவது 102 அங்குலம். சுவர் மட்டுமில்லை, கூரையின் நீட்டலும் அதற்குள் அடங்க வேண்டும். இந்த இடத்தில் அப்பாவின் நினைவு வந்தது. அவர் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், ரயில் பெட்டிக்கு உள்வேலை செய்யும் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்தவர். அங்கே செய்த பெட்டியின் அகலம் 3,245 மில்லிமீட்டர் என்று எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். பத்தரை அடிக்குக் கொஞ்சம் மேல். நான் வாழப்போகும் வீடு நம் ஊர் ரயில் பெட்டியைவிட இரண்டு அடி ஒடுக்கம்! அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார், அடுத்த நிமிடமே பென்சிலை எடுத்திருப்பார். சைடு லோயர் பெர்த்தில் படுக்கிற ஆள் ரயில் போகும் திசையில் காலை நீட்டிப் படுக்கிறார், மற்றவர்கள் குறுக்கே படுக்கிறார்கள். அதனால்தான் நடுவில் நடக்க வழி கிடைக்கிறது என்று சின்ன வயதில் எனக்கு விளக்கியவர் அவர்.

102 அங்குலத்தில் இரண்டு பக்கச் சுவருக்கு ஐந்தரை ஐந்தரை போனால் உள்ளே 91. ஐந்தரை அங்குலத்துக்குள் மரச்சட்டம், உள்ளே நுரை அடைப்பு, பலகை, வெளிப்பூச்சு எல்லாம் அடக்கம். அந்த 91-தான் என் கையில் இருந்த மொத்தச் செல்வம். நீளத்தை முப்பது அடி என்று வைத்துக்கொண்டேன்.

மகள் கராஜைக் காலி செய்து கொடுத்தாள். தரையில் முழு அளவுக்கு வீட்டை வரைந்தேன். முதலில் கோலமாவில் போட்டேன், வாக்கர் போன வழியெல்லாம் அழிந்துவிட்டது. பிறகு நீல டேப் ஒட்டினோம். அட்டைப்பெட்டிகள்தான் அடுப்பு, அலமாரி, கழிவறை. இரண்டு வாரம் தினமும் அதற்குள் வாக்கரோடு நடந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போவது மாதிரியும் நடந்து பார்த்தேன். பேரன் அதை "அம்மம்மாவின் கண்ணாமூச்சி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வரைபடத்தில் தெரியாதது எல்லாம் அந்தக் கராஜில் தெரிந்தது. இந்த நாட்டில் சக்கர நாற்காலி போகும் வழிக்குச் சொல்லும் அகலம் 36 அங்குலம். அந்த விதி பொதுக் கட்டடங்களுக்குத்தான், என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நான் இன்னும் எத்தனை வருடம் வாக்கரோடு நிற்பேன் என்று யார் சொல்ல முடியும்? குயின் அளவுக் கட்டில் 60 அங்குல அகலம். சுவரோரம் நீளவாக்கில் போட்டால் மிச்சம் 31. போதாது. குறுக்கே போட்டால் 80 அங்குலம் போய்விடும், கால்மாட்டிலிருந்து தவழ்ந்துதான் ஏற வேண்டும். ஒரு படி சின்னதான கட்டில் 54. மிச்சம் 37. ஆகவே சைடு லோயர்தான், அப்பா சொன்ன மாதிரி. சுவர்ப்பக்கம் விரிப்பைச் செருகுவது மட்டும் இன்றுவரை பெரிய பாடு.

சமையலறைக்கும் அதே கணக்கு. சமையல் மேடை 25 அங்குல ஆழம். இரண்டு பக்கமும் மேடை போட்டால் நடுவில் 41 மிஞ்சும், நடக்கலாம், திரும்ப முடியாது. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் அடிக்க 60 அங்குலம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் 66. எனவே ஒரே பக்கம்தான் மேடை, பதினொரு அடி நீளத்துக்கு.

அப்புறம்தான் சக்கரமே குறுக்கே வந்தது. தாழ்வான டிரெய்லர் என்றால் சக்கரங்கள் தரையைத் தாண்டி மேலே வரும், வீட்டுக்குள் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரித் துருத்தி நிற்கும். சக்கரத்துக்கு மேலேயே தளம் போட்ட டிரெய்லரும் உண்டு. அதில் துருத்தல் இல்லை, ஆனால் தரை இன்னும் உயரத்துக்குப் போய்விடும். நான் தாழ்வானதையே எடுத்தேன். ஒரு பக்கப் பெட்டி மேடைக்கு அடியில் மறைந்துவிட்டது. எதிர்ப்பக்கப் பெட்டியின் மேல் பலகை அடித்து, செருப்பு மாட்ட உட்கார்கிற திண்ணை ஆக்கினோம். அந்த இடத்தில் வட்டம் அடிக்க முடியாது, நாலடி தள்ளிப் போய்த்தான் திரும்ப வேண்டும். கனமான சாமான்களும் அச்சுக்கு மேலேயே வருவது நல்லது என்றார் கட்டியவர். வண்டியின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டுமாம். அதற்குக் குறைந்தால் இழுக்கும்போது வால் ஆடும். ஆக, என் கிரைண்டர் மேடையில் எங்கே இருக்கிறது என்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்கிறது.

குளியலறை ஒரு கோடியில், வீட்டின் முழு அகலத்துக்கு. அதை ஒட்டிப் படுக்கை, பிறகு சமையல், மறுகோடியில் உட்காரும் இடம். நடைக்கூடம் என்று ஒன்றே கிடையாது. படுக்கையிலிருந்து கழிவறைக்கு நேர்க்கோட்டில் ஆறு எட்டு எடுத்து வைத்தால் போதும். "விருந்தாளி பாத்ரூம் போகணும்னா உன் கட்டிலைத் தாண்டிப் போகணுமாம்மா?" என்று மகள் முகம் சுளித்தாள். விருந்தாளிக்கு உன் வீடு இருக்கிறதே என்றேன். கட்டில் பக்கத்து ஜன்னலை, தீ பிடித்தால் வெளியேறும் அளவுக்குப் பெரிதாக வைத்தோம். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, என்னுடையது 24-தான். ஏறிக் குதிக்கிற வயதா எனக்கு, உட்கார்ந்தபடியே காலைத் தூக்கிப் போடலாம்.

இவ்வளவு கணக்குப் போட்ட நான், எல்லாவற்றிலும் பெரியதை மறந்தேன். டிரெய்லர் வந்து, தளம் போட்டு, சுவர் எழும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனோம். கதவு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், ஏறுவதற்கு. நின்று பார்த்தேன். தரை என் தொடைக்கு நேரே இருந்தது. அளந்தால் 28 அங்குலம்.

வீட்டுக்குள் ஒரு படிகூட இல்லாமல் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன், வீட்டுக்குள் நுழைய நாலு படி!

யாரையும் குறை சொல்வதற்கில்லை. சக்கரம் இருந்தால் தரை உயரும், குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒரே தளம், ஒரே தளம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் சுவருக்கு உள்ளே மட்டும். சாய்தளம் போடலாமே என்றார் மாப்பிள்ளை. சாய்தளத்துக்கு இங்கே சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம். 28 அங்குலத்துக்கு 28 அடி. முப்பது அடி வீட்டுக்கு இருபத்தெட்டு அடி வாசல். அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வழி தெரிந்தது மகள் வீட்டுக் கொல்லைக் கதவில். அவள் சமையலறைக்குப் பின்னால் ஒரு மரத்தளம் இருக்கிறது, டெக் என்பார்களே, அது. அதில் நின்று காபி குடித்துக்கொண்டே தோட்டத்தைப் பார்த்தபோது, இந்தத் தளமும் தரையிலிருந்து உயரத்தில்தானே இருக்கிறது என்று தோன்றியது. மாப்பிள்ளை டேப்பைக் கொண்டுவந்தார். 29 அங்குலம். சக்கர வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் நிறுத்துவார்கள். ஒரு அங்குலம் அதிகமாகத் தூக்குவது ஒரு வேலையே இல்லை. வீட்டைக் கொண்டுவந்து டெக்குக்கு எதிரே நிறுத்தி, நடுவில் பதினொரு அடிக்கு ஒரு மரப்பாலம் போட்டாயிற்று. பாலத்தை வீட்டோடு ஆணி அடித்து இணைக்காதீர்கள், தனிக்காலில் நிற்கட்டும், வண்டி வண்டியாகவே இருக்க வேண்டும் என்று கட்டியவர் எச்சரித்தார். அதனால் பாலத்துக்கும் நிலைப்படிக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி, அதன் மேல் ஒரு அலுமினியத் தகடு. என் அடுப்பங்கரையிலிருந்து அவள் அடுப்பங்கரைக்குக் காலைத் தூக்காமலேயே போகலாம். ரசம் அங்கிருந்து வருகிறது, இட்லி இங்கிருந்து போகிறது.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் தடுப்பு இல்லாத ஷவர் என்பதை ஒரு நவீன வசதியாகப் பேசுகிறார்கள். மொத்த அறையும் நனையும், தரையே சரிந்து தண்ணீரை வடிக்கும். கட்டியவர் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்ததே அந்தக் குளியலறையில்தான். உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, முழங்கால் உயரத்தில் ஒரு தனிக் குழாய், கீழே பக்கெட், கையில் சொம்பு. அந்தக் குழாயை மட்டும் அவருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. நாய் குளிப்பாட்டவா என்று கேட்டார்.

ஆனால் டிரெய்லரில் அது சுலபமில்லை. வடிகால் வாய்க்குக் கீழே, நாற்றம் ஏறாமல் தடுக்கும் வளைந்த குழாய் உட்கார இடம் வேண்டும். எங்கள் வடிகால் வரவேண்டிய இடத்துக்கு நேர் கீழே டிரெய்லரின் இரும்புக் குறுக்குச்சட்டம் ஓடியது. சட்டத்தை வெட்ட முடியாது. வடிகாலை நாலு அங்குலம் நகர்த்தினோம், கழிவறைப் பீங்கானும் கூடவே நகர்ந்தது, கைப்பிடிக் கம்பிக்காகச் சுவருக்குள் முன்கூட்டியே வைத்த மரக்கட்டை இருந்த இடம் தப்பிப்போனது. சுவரைப் பிரித்து மறுபடி வைத்தார்கள், செலவு என்னுடையது. இப்படி ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: டிரெய்லரை ஆர்டர் செய்வதற்கு முன்னால் வடிகால் எங்கே என்று முடிவு செய்யுங்கள். கம்பிக்கான மரக்கட்டையைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டுமில்லாமல் சுவர் முழுக்க வையுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் மாப்பிள்ளை காப்பாற்றினார். முதலில் 30 ஆம்பியர் இணைப்பு போதும் என்ற பேச்சு. அது 120 வோல்ட்டில் 3,600 வாட். என் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 1,800. சாம்பார் கொதிக்கும்போது ஹீட்டர் ஓடக்கூடாது, ஹீட்டர் ஓடும்போது கிரைண்டர் ஓடக்கூடாது என்று கால அட்டவணை போட்டு வாழ வேண்டியிருக்கும். 50 ஆம்பியர் இணைப்பு என்றால் 240 வோல்ட், அதில் 12,000 வாட் கிடைக்கும். அதையே எடுத்தோம். தாளிப்புக் கமறல் வேறு கதை. காற்றுப் புகாமல் நுரை அடித்த வீடு. வெளியே தள்ளும் சிம்னியை முழு வேகத்தில் வைத்தால் உள்ளே வர காற்று இல்லாமல் அது வெறுமனே இரைகிறது. ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்த பிறகுதான் மிளகாய் வற்றல் புகை நகர்ந்தது. இட்லி அவித்தால் குளிர்காலத்தில் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். உள்ளே வரும் காற்றை வெளியே போகும் காற்றின் சூட்டால் வெதுவெதுப்பாக்கும் ஒரு காற்றோட்டி சுவரில் இருக்கிறது, அது இல்லையென்றால் சுவரெல்லாம் பூசணம் பிடித்திருக்கும்.

வந்து சேர்ந்து முதல் மழைக்காலம் முடிந்திருந்தது. ஒருநாள் குளிக்கும்போது தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் தேங்குவதைப் பார்த்தேன். அடைப்பு என்று நினைத்துப் பிளம்பரைக் கூப்பிட இருந்தேன். பேரனின் கோலிக்குண்டு ஒன்று மேடையில் கிடந்தது, அதைத் தரையில் வைத்தேன். அது நிதானமாக உருண்டு சமையலறையைக் கடந்து திண்ணைக்கு அடியில் போய் நின்றது. ஜல்லிக்குக் கீழே மண் இளகி, வடக்கு மூலை ஜாக்கி இறங்கியிருக்கிறது. பாலத்துக்கும் நிலைப்படிக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கும் மேல் ஏற்றத்தாழ்வு. வாக்கரின் முன்சக்கரம் இரண்டு நாளாகத் தகட்டில் தட்டியது அதனால்தான். நான் என் முழங்காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ரசமட்டத்தோடு வீட்டுக்கு அடியில் புகுந்தார், நான் மேலே கோலிக்குண்டோடு நின்று குரல் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கு ஒன்று, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம்.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. பாலம் என்னை மகள் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோய் விடும். அவள் வீட்டு முன்வாசலில் மூன்று படி, டெக்கிலிருந்து தோட்டத்துக்கு நாலு படி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சமதளத்தில் உலாவிக்கொண்டிருக்கிறேனே தவிர, தெருவுக்கு இறங்க இன்னும் கம்பியைப் பிடித்துப் படிதான் இறங்குகிறேன். இடது முழங்காலுக்கும் நாள் குறித்தாயிற்று. ஆகையால் அந்தச் சாய்தளம் திரும்பவும் வந்துவிட்டது, டெக்கிலிருந்து, 29 அடி. நேராகப் போட்டால் வேலியை இடிக்கும், மடக்கித்தான் போட வேண்டும். மடங்கும் மூலையில் ஐந்தடிச் சமதளம். அந்த ஐந்தடி சரியாக மகளின் ரோஜாப் பாத்தியில் விழுகிறது.

நூல் கட்டிக் குறித்து வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. மகள் இரண்டு முறை நூலை அரை அடி தள்ளிக் கட்டியிருக்கிறாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.